அரசின் எல்லை எது? தனிமனிதச் சுதந்திரவாதமும் ஏனைய அரசியற் கொள்கைகளும்



தேர்தல் வந்தால் கட்சிகளின் பெயரையும் சின்னத்தையும் பற்றிப் பேசுகிறோம். வேட்பாளரின் குணத்தையும் குலத்தையுங்கூட ஆராய்கிறோம். ஆனால் அக்கட்சி எந்தக் கொள்கையில் நிற்கிறது, அரசாங்கம் நம் வாழ்வில் எவ்வளவு தூரம் நுழையலாம் என்று அது கருதுகிறது என்பதை நாம் அதிகம் கேட்பதில்லை. இவ்வாரப் பாடத்தில் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். தாராண்மைவாதம், சோசலிசம், பொதுவுடைமை ஆகிய பெயர்கள் நமக்குப் பழக்கமானவை. ‘லிபர்ட்டேரியனிசம்’ என்ற பெயர் அத்துணை பழக்கமில்லாதது. அதைத் தமிழில் தனிமனிதச் சுதந்திரவாதம் எனலாம். அது மற்றக் கொள்கைகளிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று நோக்குவோம்.

ஓர் உழவரின் ஐந்து கேள்விகள்

கொள்கைகளை வெறும் வரைவிலக்கணங்களாகப் படித்தால் மனதில் நிற்பதில்லை. ஆகவே ஓர் ஊரை மனதில் வைத்துக்கொள்வோம். அம்பாறை மாவட்டத்தில் இறக்காமத்தை அடுத்து வரிப்பத்தான்சேனை என்றொரு ஊர் உண்டு. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். நெல்லே அப்பகுதியின் உயிர். அங்கே இரண்டேக்கர் வயல் செய்யும் குடும்பத் தலைவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு ஐந்து கேள்விகள் உண்டு.

இந்த நிலம் யாருக்குச் சொந்தம்? குளத்து நீரை யார் பங்கிடுவது? நெல்லுக்கு யார் விலை குறிப்பது? வயலுக்கு எந்தப் பசளை போடுவதென்று யார் தீர்மானிப்பது? என் வீட்டில் ஒருவர் இறந்தால் அவரை எப்படி அடக்கம் செய்வதென்று யார் சொல்வது?

அரசியற் கொள்கை என்பது இத்தகைய கேள்விகளுக்குச் சொல்லும் விடையன்றி வேறல்ல.

பெயரும் பொருளும்

19ஆம் நூற்றாண்டிலே பிரான்சில் இப்பெயரைச் சூடிக்கொண்டவர்கள் அரசையே வேண்டாமென்ற அரசின்மைவாதிகள். இன்று வழங்கும் பொருள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வேரூன்றியது. ஆனால் கருத்தின் வேர் பழையது. ஒருவன் தன் உடலுக்கும் உழைப்புக்கும் உரியவன். பொதுவாய்க் கிடந்த நிலத்திலே தன் உழைப்பை இட்டவன் அதன் பலனுக்கும் உரியவன் என்று ஆங்கிலேய அறிஞர் ஜோன் லொக் 1689ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் வாதாடினார். 1974இல் அமெரிக்கப் பேராசிரியர் றொபேட் நோசிக் அக்கருத்தை வளர்த்து, வன்முறை, களவு, மோசடி ஆகியவற்றிலிருந்து மக்களைக் காப்பதும் ஒப்பந்தங்களை நிறைவேற்றுவிப்பதுமே அரசின் வேலை என்றார். அதற்கு மேற்பட்டு அரசு செய்வதெல்லாம் யாரோ ஒருவருடைய உரிமையை மீறித்தான் நடக்கும் என்பது அவரது முடிவு.

சுருங்கச் சொன்னால், பிறனுக்குத் தீங்கிழைக்காத எவனையும் வற்புறுத்தக்கூடாது என்பதே இக்கொள்கையின் முதல் விதி. அந்த விதி அரசாங்கத்துக்கும் பொருந்தும் என்பதுதான் இதன் தனித்தன்மை. இனி உழவரின் கேள்விகளுக்கு வருவோம்.

1. நிலம்

வரிப்பத்தான்சேனை என்ற பெயரின் ஈற்றிலேயே ‘சேனை’ இருக்கிறது. காட்டை வெட்டி, எரித்து, சில காலம் பயிர் செய்து, பின் நிலத்தை ஆறவிடும் பழைய முறையே சேனைப் பயிர்ச்செய்கை. 1840ஆம் ஆண்டு பிரித்தானிய அரசாங்கம் முடிக்குரிய காணிகள் பற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காடும் தரிசும் முடிக்குரியவை என்று கொள்ளப்பட்டன. சேனைக் காணிகளும் உரிய ஆவணம் காட்டாவிட்டால் அப்படியே கருதப்பட்டன. தலைமுறை தலைமுறையாக உழைத்தவனிடம் காகிதமில்லை. ஒருநாளும் மண்வெட்டி பிடியாத அரசு உரிமையாளராயிற்று. லொக்கின் அளவுகோலால் அளந்தால் இது அப்பட்டமான அநீதி. தனிமனிதச் சுதந்திரவாதி உழவனின் பக்கம் நிற்பான்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு குடியானவர்களுக்குக் காணி வழங்கியது. ஆனால் முழு உரிமையோடு அல்ல, அனுமதிப்பத்திரத்தோடு. விரும்பியபடி விற்கவோ ஈடுவைக்கவோ துண்டாடவோ முடியாது. ‘சொந்த நிலமென்றால் விற்கும் உரிமையும் சேர்ந்ததுதானே?’ என்று சுதந்திரவாதி கேட்பான். ‘விற்க விட்டால் ஒரு போகம் பிழைத்ததும் கடன்காரன் வாயில் காணி போய்விடுமே’ என்று மறுதரப்பார் விடையிறுப்பர். உழவனைப் பெரியவனாக நடத்துவதா, பாதுகாக்கப்பட வேண்டியவனாக நடத்துவதா என்பதே இங்குள்ள வழக்கு. 2024இல் ‘உறுமய’ திட்டத்தின் மூலம் அனுமதிப்பத்திரக்காரர்களுக்கு முழு உரிமை வழங்கத் தொடங்கியபோதும் இதே வழக்கே மீண்டும் எழுந்தது.

2. தண்ணீர்

நிலத்தைப் பற்றிய கேள்வியில் சுதந்திரவாதிக்கு வலு அதிகம். தண்ணீருக்கு வந்தால் அவனுக்குச் சங்கடம் தொடங்குகிறது.

பழைய இராச்சியங்களில் ‘ராஜகாரிய’ என்ற கட்டாய ஊழியம் இருந்தது. அதன்படி மக்கள் கூலியின்றி வேலை செய்ய வேண்டும். பிரித்தானியரும் அதைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தினர். கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் 1832இல் அது ஒழிக்கப்பட்டது. மனிதனை மனிதன் வற்புறுத்தி வேலை வாங்குவது ஒழிந்தது நன்றே. ஆனால் குளக்கட்டைத் திருத்துவதும் வாய்க்காலைத் துப்புரவு செய்வதும் அதே கட்டாய வழக்கத்தோடு பிணைந்திருந்தன. கட்டாயம் போனபின், ‘நான் ஏன் வெட்டவேண்டும்? அயலவன் வெட்டட்டும்’ என்றிருந்தவர்களைக் கேட்க ஆளில்லை. பல குளங்கள் தூர்ந்து போயின.

1855இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வார்ட் இதைக் கண்டார். 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம், நீர்ப்பாசனம் பற்றிய பழைய ஊர் வழக்கங்களைக் காணிச் சொந்தக்காரரில் பெரும்பாலார் விரும்பினால் மீண்டும் நடைமுறைப்படுத்த வழிசெய்தார். அவர் காலத்தில் திருத்தப்பட்ட பெருங்குளங்களில் கிழக்கின் இறக்காமமும் அம்பாறையும் அடங்கும். நமது உழவரின் வீட்டுப் பக்கத்திலேயே இந்த வரலாறு இருக்கிறது.

குளத்தை வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரிக்க முடியாது. மேல்வாய்க்காலில் உள்ளவன் மடையைத் திறந்து வைத்தால் கடைவாய்க்காலில் உள்ளவனின் பயிர் காயும். ஆதலால் தண்ணீருக்குப் பொது ஒழுங்கு வேண்டும் என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆயின் அந்த ஒழுங்கை விதிப்பவர் யார் என்பதே கேள்வி.

பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில் நடந்தது இதற்கு நல்ல படிப்பினை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையோடு தொடங்கிய திட்டம் அது. முப்பதாண்டுகளில் வாய்க்கால்கள் உடைந்து, கடைக்கோடி வயல்களுக்கு நீர் எட்டாமற் போயிற்று. திணைக்களம் உழவரைக் குறை கூறியது. உழவர் திணைக்களத்தைக் குறை கூறினர். 1981 முதல், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் அமைப்பாளர்களைக் கிராமங்களுக்கு அனுப்பின. அவர்கள் கட்டளையிடவில்லை. வயல் வாய்க்கால் ஒவ்வொன்றிலும் உழவர்களை ஒன்றுகூட்டிப் பேசவைத்தார்கள். உழவர்கள் தாமாகவே வாய்க்கால்களைத் துப்புரவு செய்தனர், முறைவைத்து நீர் பாய்ச்சினர். மேல்வாய்க்கால்காரர் கடைவாய்க்கால்காரருக்கு நீர் விட்டுக்கொடுத்தனர். பொதுவளங்களை மக்கள் தாமே ஆள்வது பற்றி ஆராய்ந்து 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையார், 1990இல் வெளியிட்ட நூலில் கல்லோயாவையும் எடுத்துப் பேசுகிறார்.

‘பார்த்தீர்களா, வற்புறுத்தல் இல்லாமலே நடக்கும்’ என்பான் சுதந்திரவாதி. ‘அணையைக் கட்டியது வரிப்பணம் அல்லவா?’ என்பான் சோசலிசவாதி. இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு.

3. விலை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த கூப்பன் அரிசி நம் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் நன்கு தெரியும். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை அரசாங்கம் 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரில் பதவி விலகினார். மானியத்தை ஒரே நாளில் வெட்டினால் யாருக்கு வலிக்கும் என்பதற்கு அது சாட்சி.

மறுபக்கமும் உண்டு. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைக்கப்பட்டது. எழுபதுகளின் பஞ்ச காலத்தில் நெல்லையும் அரிசியையும் தனியார் ஏற்றிச் செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. வீதிகளில் சோதனைச் சாவடிகள் எழுந்தன. தான் விளைவித்த அரிசியைத் தன் மகள் வீட்டுக்குக் கொண்டுபோகிற உழவன் கள்ளனைப்போல் பையை மறைக்க வேண்டியதாயிற்று. 1977இல் ஆட்சி மாறியது. சந்தை திறக்கப்பட்டது. கூப்பன் அரிசி 1978இல் குறைந்த வருமானக் குடும்பங்களோடு நிறுத்தப்பட்டு, 1979இல் உணவு முத்திரையாக மாறியது. கடைகளில் பொருள் நிறைந்தது. ஆனால் முத்திரையின் பெறுமதி அப்படியே நிற்க, விலைவாசி ஏறிக்கொண்டே போனது.

1977இன் மாற்றத்தைச் சுதந்திரவாதம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. சந்தையைத் திறந்த அதே ஆட்சி 1978இன் யாப்பினால் எல்லா அதிகாரத்தையும் ஜனாதிபதியிடம் குவித்தது; 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடை திறந்திருப்பதும் மனிதன் சுதந்திரமாயிருப்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றாகக் கேட்பதே சுதந்திரவாதம்.

4. பசளை

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. சேதனப் பசளை மண்ணுக்கும் உடலுக்கும் நல்லது என்பது சொல்லப்பட்ட காரணம். நோக்கத்தைக் குறை கூற வேண்டியதில்லை. ஆனால் போதிய சேதனப் பசளை கையிருப்பில் இல்லை, உழவரைக் கேட்கவுமில்லை. உழவர் தெருவுக்கு இறங்கினர். நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அப்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நாடு அரிசியை வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது.

பொருளியலறிஞர் ஹயெக் வலியுறுத்திய உண்மை இதுவே. இலட்சக்கணக்கான வயல்களைப் பற்றிய அறிவு இலட்சக்கணக்கான உழவரிடம் சிதறிக் கிடக்கிறது. தலைநகரில் ஒரு மேசைக்கு முன்னே அதை ஒன்றுதிரட்ட இயலாது. ஓர் உழவன் தவறினால் ஒரு வயல் கெடும். ஓர் அரசாங்கம் தவறினால் நாட்டு வயலெல்லாம் கெடும்.

5. மனச்சாட்சி

கொவிட் காலத்தில், 2020 ஏப்ரல் முதல், அந்நோயால் இறந்தவர்களின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் விதி மாறவில்லை. இறந்தோரை எரிப்பதை மார்க்கம் அனுமதிக்காத முஸ்லிம் குடும்பங்கள் அடைந்த வேதனை சொல்லில் அடங்காது. கல்லறைத் தோட்டத்தில் நம்மவரைக் கிடத்தி மெழுகுதிரி ஏற்றும் நமக்கு அவ்வேதனை விளங்காமற் போகாது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. ஓட்டமாவடியில் அதற்கென ஓரிடம் ஒதுக்கப்பட்டது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

‘இவ்வடக்கத்தால் பிறருக்குத் தீங்குண்டா? இருந்தால் நிரூபி, இல்லையேல் விலகு’ என்பதே சுதந்திரவாதியின் கேள்வி. பெரும்பான்மை விரும்புகிறது என்பது அவனுக்கு விடையாகாது. சிறுபான்மையினருக்கு இக்கொள்கை தரும் கேடயம் இதுவே.

ஏனைய கொள்கைகளோடு ஒப்பீடு

*தாராண்மைவாதம்:* இரண்டுக்கும் மூதாதையர் ஒருவரே. லொக், அடம் சிமித், ஜோன் ஸ்டுவட் மில் ஆகியோரை இருசாராரும் கொண்டாடுவர். ஆனால் இக்காலத் தாராண்மைவாதி, பசியோடும் படிப்பறிவின்றியும் இருப்பவனுக்குச் சுதந்திரம் பெயரளவில்தான் உண்டு என்பான். ஆதலால் வரிவிதித்துப் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் நடத்த அரசுக்கு உரிமையளிப்பான். சுதந்திரவாதி அதற்கு உடன்படான்.

*பழைமைபேண்வாதம்:* தனியுடைமையிலும் வியாபாரத்திலும் இருவரும் ஒத்துப்போவர். ஒழுக்கத்தையும் மரபையும் சட்டத்தால் காக்கவேண்டும் என்னுமிடத்தில் பிரிவர்.

*சோசலிசம்:* இதற்குச் சமத்துவமே முதன்மை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணியை 50 ஏக்கராகவும், நெற்காணியை 25 ஏக்கராகவும் மட்டுப்படுத்தியது. சோசலிசவாதிக்கு அது நீதி. சுதந்திரவாதிக்கு, அந்நிலம் முறையாகப் பெறப்பட்டதாயின், அது பறிமுதல்.

*பொதுவுடைமை:* உற்பத்திச் சாதனங்கள் எல்லாம் பொதுவாக வேண்டும் என்பது. இறுதியில் அரசே உதிர்ந்துபோகும் என்று மார்க்சியர் கூறுவர். ஆனால் அப்பெயரால் ஆண்ட நாடுகளில் அரசு உதிரவில்லை, பருத்தது.

*அரசின்மைவாதம்:* அரசு ஒருசிறிதும் வேண்டாம் என்பது. சுதந்திரவாதிகளிலும் சிலர் அந்த எல்லைக்குப் போவதுண்டு. பெரும்பாலோர் காவலும் நீதிமன்றமும் உள்ள சிறிய அரசு வேண்டும் என்பர்.

*பாசிசம்:* எல்லாம் அரசுக்குள், அரசுக்குப் புறம்பாக எதுவுமில்லை என்பது. இது நேர் எதிர்முனை.

தமிழர் மத்தியில்

நம்மினத்தில் இக்கொள்கைக்கு மிக அருகில் வந்தவர் ராஜாஜி. 1952இல் சென்னை முதலமைச்சரானதும் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1959இல், காங்கிரசின் நாகபுரித் தீர்மானம் கூட்டுறவுப் பண்ணை முறையை முன்வைத்தபோது, எண்பது வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். தொழில் தொடங்க லைசென்சும் பெர்மிட்டும் தேடி அலையவைக்கும் ஆட்சியை ‘லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்’ என்று சாடினார். 1967 தேர்தலில் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. அவர் 1972இல் மறைந்தபின், 1974இல் அது வேறொரு கட்சியோடு கலந்தது.

ஆயினும் அதே ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தியபோது எதிர்த்தவர். முழுச் சுதந்திரவாதி, ‘குடிப்பவன் தன்னைத்தான் கெடுக்கிறான், சட்டம் தலையிடலாகாது’ என்பான். ராஜாஜியோ குடிகாரனின் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்தார். கொள்கைக்குள் முழுதும் அடங்காத இடம் மனித வாழ்விலே எப்போதும் உண்டு.

நம் குடும்பங்களுக்கு ஓர் உரைகல்

1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் காத்து நின்றனர். பிள்ளையின் கல்வியைத் தீர்மானிப்பவர் பெற்றோரே என்று அவர்கள் வாதாடினர். சுதந்திரவாதி அதை முழுமனதோடு ஆதரிப்பான். ஆனால் உடனே, ‘அப்படியானால் ஆசிரியர் சம்பளத்தை அரசிடம் வாங்கியது ஏன்?’ என்றும் கேட்பான். அக்கேள்வி நமக்குச் சுடும்.

திருச்சபையின் சமூகப் போதனை இரண்டு இடங்களில் இக்கொள்கைக்கு அருகில் நிற்கிறது. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் தனியுடைமை உரிமையைக் காத்துரைத்தார். 11ஆம் பத்திநாதர் 1931இல், சிறிய சமூகம் செய்யக்கூடியதைப் பெரிய சமூகம் பறித்தெடுப்பது அநீதி என்று போதித்தார். ஆனால் முக்கியமான ஓரிடத்தில் பாதை பிரிகிறது. இருதரப்பும் இணங்கி ஒப்பந்தம் செய்தால் கூலி நியாயமானதே என்பான் சுதந்திரவாதி. பசியினால் ஒருவன் ஒப்புக்கொண்ட கூலி அவன் உயிர்வாழப் போதாதாயின், அந்த இணக்கம் நீதியாகாது என்று அதே சிங்கராயர் எழுதினார். சம்மதம் மட்டும் நீதியின் முழு அளவல்ல.

வரிப்பத்தான்சேனை உழவரிடம் திரும்பி வருவோம். பசளையிலும் மனச்சாட்சியிலும் அவரைத் தம்பாட்டில் விட்டிருக்க வேண்டும். தண்ணீரில் அயலவரோடு கூடியே அவர் வாழ முடியும். விளைச்சல் பொய்த்த ஆண்டில் அவரைத் தனியே விடுவது சுதந்திரம் ஆகாது, கைவிடுதல் ஆகும். எங்கே விலகி நிற்பது, எங்கே கைகொடுப்பது என்று அறியும் அரசே நல்லரசு. அதை அறிவிக்க வேண்டியவர்கள் வாக்காளராகிய நாமே.

வீட்டில் கலந்துரையாட

1. அனுமதிப்பத்திரக் காணியை விற்கும் உரிமை உழவருக்கு வேண்டுமா? நன்மை எது, தீமை எது?
2. உங்கள் ஊரில் அரசின் கட்டளையின்றி மக்கள் தாமே கூடி நடத்தும் பொதுக் காரியங்கள் எவை?
3. மற்றொரு சமயத்தாரின் உரிமை மறுக்கப்பட்டபோது நாம் பேசினோமா, மௌனமாயிருந்தோமா? ஏன்?
4. மதுவைச் சட்டத்தால் தடுப்பது பற்றி ராஜாஜி சொன்னது சரியா, சுதந்திரவாதி சொல்வது சரியா?